மறதி நோய் என்று டாக்டர் சொன்னால், அதை அவரிடம் யார் சொல்வது?



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருகிறவர்களில் சர்க்கரை, கிட்னி, இருதயம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் நோயாளியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். மறதி நோய்க்காக வருகிற மகன்கள் மட்டும் தனியாக வருகிறார்கள். ஃபைலை மேசையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "அத்தாவுக்கு இது தெரியாதுங்க. வீட்டுப் பக்கம் வந்தா நீங்களும் ஏதும் கேட்டுக்காதீங்க" என்கிறார்கள். இந்த மாதப் பாடம் அந்தப் பேச்சைப் பற்றியதுதான்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தா முப்பது வருடத்துக்கு மேல் கட்டிங் மாஸ்டர். கடைசியில் சொந்தமாக நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்தார். காதர்பேட்டை வியாபாரிகள் சிலர் அவரிடம்தான் துணி கொடுப்பார்கள். 85 சைஸ் பனியனுக்கும் 90 சைஸ் பனியனுக்கும் அட்டை பார்க்காமலேயே கை போகும் என்று பெயர். ஒருநாள் 90 சைஸுக்கு வந்த துணி முழுவதையும் 85 அட்டை வைத்து வெட்டிவிட்டார். அடுத்த மாதம், சனிக்கிழமை சம்பளத்தை ஒரே டெய்லருக்கு இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். அந்தப் பையன் நல்லவன், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து ரிசல்ட் சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார். நான் அத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவரும் புரிந்துகொண்டு, "வயசுதான், மாத்திரை எழுதித் தர்றேன்" என்று முடித்துவிட்டார். வீட்டில் அதற்கு 'நரம்புச் சத்து மாத்திரை' என்று பெயர் வைத்தோம்.

பிறகு நடந்ததுதான் பாடம். டிவிஎஸ் எக்ஸ்எல் சாவியை ஒளித்து வைத்தோம். ஃபோன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசினோம். அத்தாவுக்குக் காரணம் தெரியாது. மகன்கள் சொத்துக்கு அவசரப்படுகிறார்கள் என்று அவராக ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு அறிவாளிக்கு அந்தச் சூழ்நிலையில் வேறு என்ன தோன்றும்? அம்மாவிடம்கூட பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் இஷா முடிந்து வரும் வழியில், "எனக்கு என்னடா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். "ஒண்ணுமில்லத்தா" என்றேன். அந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து, எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு அம்மா வந்தார். அத்தாவிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்த இரண்டு சவரன், மகள் நிக்காஹ்வுக்கு வேண்டும் என்றார். எங்கள் யாருக்கும் அந்த விஷயமே தெரியாது. அத்தா திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்தார். அடுத்த நிமிடம், வாங்கவே இல்லை என்றார். அவருடைய நீள நோட்டைத் தேடினோம், பீரோவைத் தேடினோம், கட்டிங் டேபிளுக்குக் கீழே இருந்த அட்டைக் கட்டுகளைக்கூட பிரித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அண்ணனும் நானும் போட்டு இரண்டு சவரன் வாங்கிக் கொடுத்தோம். பணம் பெரிய விஷயமில்லை. எந்தக் கையால் வாங்கினாரோ அந்தக் கையால் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பை அத்தாவிடமிருந்து பறித்தது நாங்கள். முதல் மாதமே சொல்லியிருந்தால் யார் யாரிடம் என்ன கொடுக்கல் வாங்கல் என்று அவரே உட்கார்ந்து எழுதியிருப்பார். அப்போது அவருக்கு அந்தத் தெளிவு இருந்தது.

எல்லார் வீட்டிலும் இரண்டு சவரன் இருக்காது. வாய்க் கணக்காகக் கொடுத்த கைமாற்று இருக்கும், ஏலச்சீட்டு இருக்கும், நூல் கடைப் பாக்கி இருக்கும், யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியது இருக்கும். கடன்களை எழுதி வைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். கடன் வாங்கியவர் அறிவு குறைந்தவராகவோ, பலவீனராகவோ, சொல்லி எழுதவைக்க முடியாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லி எழுதவைக்க வேண்டும் என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது. பொறுப்பாளர் சொல்லி எழுதவைக்க வேண்டுமென்றால் அவருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை.

சொல்லாமல் மறைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல

நாம்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1961-ல் அமெரிக்க டாக்டர்களிடம் ஒரு ஆய்வு எடுத்தார்கள். புற்றுநோய் வந்தவரிடம் அதைச் சொல்லாமல் இருப்பதே தங்கள் வழக்கம் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொன்னார்கள். 1979-ல் அதேபோல் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழாக மாறிவிட்டது. மறதி நோயில் அந்த மாற்றம் இன்னும் முழுதாக வரவில்லை.

இதைவிட என்னை உட்கார வைத்தது அயர்லாந்து டாக்டர்கள் 1996-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு. அல்சைமர் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்த 100 உறவினர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்றவர்கள் 83 பேர். உங்களுக்கே இந்த நோய் வந்தால் உங்களிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, ஆமாம், சொல்ல வேண்டும் என்றவர்கள் 71 பேர். அந்த 83-லும் நான் இருந்திருப்பேன், 71-லும் இருந்திருப்பேன். இந்த இரண்டு கேள்வியையும் இன்று இரவு உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சொன்னால் மனம் உடைந்துபோவார் என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். அது பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2008-ல் அமெரிக்காவில், நினைவுப் பரிசோதனைக்கு வந்த 90 பேரை முடிவு சொல்வதற்கு முன்பும், சொல்லிச் சில நாள் கழித்தும் பார்த்தார்கள். முடிவைக் கேட்டதால் மனச்சோர்வு கூடிவிடவில்லை. பலருக்குப் பதற்றம் குறைந்திருந்தது. தனக்கு என்னவோ ஆகிறது என்று உள்ளுக்குள் தவித்தவருக்கு அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது மூச்சு வந்தது போலிருக்கிறது.

ஏனென்றால் ஆரம்பக் கட்டத்தில் நோயாளிக்குத் தெரிகிறது. 1901-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்ட் டீட்டர் என்ற ஐம்பத்தொரு வயதுப் பெண்மணியை டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் பரிசோதித்தார். அவர் பெயரைத்தான் நோய்க்கு வைத்திருக்கிறார்கள். தன் பெயரையே எழுதி முடிக்க முடியாத அந்தப் பெண்மணி, தன்னையே தொலைத்துவிட்டதாக டாக்டரிடம் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. டாக்டர் கடிகாரம் வரையச் சொல்லி, முள் எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவைக் கீழே வைத்த என் அத்தாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் முகத்தை நான்தான் பார்க்கவில்லை.

கேரளத்தில் இதற்குச் 'சின்னன்' என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு, குழந்தைத்தனம் என்று பொருள். நாம் 'வயசாகிப்போச்சு, புத்தி தடுமாறுது' என்போம். வயதால் வரும் சாதாரண மறதி வேறு, இது மூளையைத் தேய்க்கும் நோய். 2023-ல் வெளியான தேசிய ஆய்வின் கணக்குப்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்கிறது. உங்கள் பள்ளிவாசல் முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை மனதில் எண்ணிப் பாருங்கள். மறைக்க வேண்டிய அவமானம் எதுவும் இதில் இல்லை. அறிந்திருந்த பின் எதையும் அறியாத நிலைக்குத் தள்ளப்படும் முதுமையைக் குர்ஆனே (நஹ்ல் 70) குறிப்பிடுகிறது. அந்த நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள்.

சொல்வதற்கு முன்

முதலில் இது மறதி நோய்தானா என்று உறுதியாக வேண்டும். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, சோடியம் இறக்கம், மனச்சோர்வு, தூக்க மாத்திரை, எப்போதோ வழுக்கி விழுந்ததில் தலைக்குள் கசிந்த ரத்தம், இவையெல்லாம் இதே போலத் தோற்றம் காட்டும். பலவற்றைச் சரிசெய்ய முடியும். காது மந்தமானவரை மறதிக்காரர் என்று ஒதுக்கிவைத்த வீடும் உண்டு. பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக யாரிடமும் போய் உங்களுக்கு அல்சைமர் என்று சொல்லிவிடாதீர்கள்.

டாக்டர் உறுதி செய்துவிட்டால், அவரே நேரடியாகச் சொல்வது நல்லது. ரிசல்ட் வாங்கப் போகும் அன்று என்னைப் போலப் பின்னால் நின்று கண் காட்டாதீர்கள். டாக்டருக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று அறிவது நோயாளியின் உரிமை. நினைவாற்றலையும் பகுத்தறியும் திறனையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது.

வீட்டில் சொல்வதாக இருந்தால் யார் சொல்வது என்று மஷூரா செய்யுங்கள். மூத்த மகன்தான் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. பல வீட்டில் அத்தா மகள் சொன்னால் கேட்பார். நேரம் முக்கியம். மாலை மயங்கியதும் இவர்களில் பலருக்குக் குழப்பம் கூடும். பசியாறி முடித்த காலை வேளை நல்லது. டிவியை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் ஓவர்லாக் மெஷின் ஓடும் சத்தம் இருந்தால் உள் அறைக்குப் போய்விடுங்கள். குடும்பமே சுற்றி உட்கார்ந்து பஞ்சாயத்து மாதிரி வைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் போதும்.

முதலில் கேளுங்கள். "அத்தா, போன வாரம் ஸ்கேன் எடுத்தமே, ரிசல்ட் வந்திருக்குங்க. டாக்டர் சொன்னதை நான் சொல்லட்டுங்களா?" சிலர் உடனே சொல்லு என்பார்கள். சிலர், "நீங்களே பாத்துக்குங்கப்பா, எனக்கெதுக்கு" என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருடையது, வற்புறுத்தாதீர்கள். ஆனால் அதை அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். "அப்ப உங்க விஷயத்துல யார் முடிவெடுக்கட்டும்?" என்று மட்டும் கேட்டு வையுங்கள். பத்து நாள் கழித்து அவரே கேட்கலாம்.

சொல்லு என்றால் சுருக்கமாகச் சொல்லுங்கள். "மூளையில நெனப்பு வைக்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமாத் தேயுதுங்கத்தா. அல்சைமர்ங்கறாங்க. நீங்க சாவியை மறக்கறது, கணக்கு பிசகறதெல்லாம் அதனாலதான், உங்க மேல தப்பில்ல. மாத்திரை இதைக் குணமாக்காதாம், கொஞ்ச காலம் சமாளிக்க உதவுமாம். நாங்க கூடவே இருக்கோம்." இவ்வளவுதான். பிறகு பேசாமல் இருங்கள். அவர் அழட்டும், கோபப்படட்டும், "டாக்டருக்கு என்ன தெரியும்" என்று எழுந்து போகட்டும். பின்னாலேயே போய் நிரூபிக்காதீர்கள். இரண்டு மூன்று தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. கடைசிக் கட்டத்தில் படுக்கையாகிவிடுவார் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

'எல்லாம் சரியாயிடும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த வார்த்தை உங்களையே வந்து நிற்கும்.

இதெல்லாம் நோய் ஆரம்பத்தில் அல்லது நடுவில் இருப்பவருக்குத்தான். நோய் முற்றி, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பவரிடம் போய் நோயின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. சொன்னதை மறந்துவிட்டவரிடம் ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்லவும் கூடாது. செய்தி மறந்துபோகும், அது கொடுத்த வேதனை மட்டும் காரணம் தெரியாமல் மனதில் தங்கும். மவுத்தான மனைவியைத் தேடும் பெரியவரிடம் "அவங்க மவுத்தாயிட்டாங்களே" என்று தினமும் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் மையித்துச் செய்தி. அவர் பேச்சை அவரோடு சேர்ந்து பேசிக்கொண்டு போங்கள்.

சொன்ன பிறகு அவர் செய்ய வேண்டியவை

சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்: அவரால் இன்னும் செய்ய முடிகிற வேலைகள் இருக்கின்றன. அமானிதம், கடன், சீட்டு, வாய்க் கணக்கு எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல இரண்டு சாட்சியோடு எழுதுங்கள்.

பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் முடிந்துபோகும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு சொல்கிறது. எதற்காக வாங்கினோமோ அந்த நேரத்தில்தான் அது செல்லாமல் போகிறது. ஹிபா என்றால் சொத்தை அப்போதே ஒப்படைக்க வேண்டும். வஸிய்யத் என்றால் மூன்றில் ஒரு பங்கு வரை, அதுவும் வாரிசு அல்லாதவருக்கு. எல்லாமே அவர் தெளிவாக இருக்கும்போது செய்ய வேண்டியவை. வக்கீலையும் ஹஜ்ரத்தையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரே கணக்கில் இருக்கும் பேங்க் பணம், லாக்கர் சாவி இவற்றையும் பாருங்கள்.

2017 சட்டத்தில் இன்னொரு வசதி உண்டு. தனக்குச் சிகிச்சை விஷயத்தில் முடிவெடுக்க இயலாமல் போனால் யார் தன் சார்பில் இருக்க வேண்டும் என்று வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாலே போதும். இதை எழுதாத குடும்பத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணம் உண்டு. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்கு அல்சைமர் வந்தபோது, அவரை யார் வைத்துப் பார்ப்பது என்று மனைவியும் சகோதரர்களும் 2010-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் நின்றார்கள். அவர் மனதில் என்ன இருந்தது என்று அவரால் சொல்ல முடியாத கட்டம் அது. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ரீகன் 1994 நவம்பரில், எண்பத்து மூன்று வயதில், தனக்கு அல்சைமர் என்று தன் கையாலேயே நாட்டு மக்களுக்குக் கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கினார். கடிதம் எழுதும் நிலையில் இருந்தபோதே அவரிடம் சொல்லிவிட்டார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

எக்ஸ்எல் சாவி விஷயமும் அப்படித்தான். காரணம் தெரிந்த மனிதர் தானே சாவியைக் கொடுத்துவிடுவார், அல்லது சண்டை போட்டுவிட்டுக் கொடுப்பார். கட்டிங் மெஷின், கேஸ் அடுப்பு எல்லாம் இதே கணக்கு.

அம்மாக்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அத்தாவிடமாவது கையெழுத்துக்காகச் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. கைமடிச்சு, பிசிறு வெட்டி, வீட்டிலிருந்தே சம்பாதித்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்து நிற்கிறார். தான் ஏன் இப்படி ஆனோம் என்று தெரியாமலே ஏச்சு வாங்குகிறார். மகள் வீட்டில் நகை கொடுத்து வைத்தது, தெருச் சீட்டில் பங்கு இருப்பது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரிடமும் அதே மரியாதையோடு கேளுங்கள், சொல்லுங்கள்.

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரக்அத் மறந்து மீண்டும் மீண்டும் தொழுகிறார், வுளு செய்ததை மறந்து திரும்பத் திரும்பக் கை கால் கழுவுகிறார் என்று. வீட்டில் திட்டுவதற்குப் பதில் ஜமாஅத்தில் உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இமாம் குனிந்தால் அவரும் குனிவார். வருடக்கணக்கில் பழகிய உடம்பு அது. எந்தக் கட்டத்தில் கடமை நீங்குகிறது, நோன்புக்கு ஃபித்யா உண்டா என்பதை உங்கள் மத்ஹபுக்கு ஏற்ப ஹஜ்ரத்திடம் கேளுங்கள். பக்கத்தில் தொழுகிறவரிடமும் மோதினாரிடமும் விஷயத்தைச் சொல்லி வைக்க அவரே சம்மதித்தால் மிகவும் நல்லது. வழி தவறி நின்றால் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

செலவுக்குப் பயந்து காட்டாமல் இருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கான உதவி எண் 14567. பிரஷரும் சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இருப்பது மூளைக்கும் நல்லது என்பதால் அந்த மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வருகிற செவிலியரிடமும் மறதியைப் பற்றிச் சொல்லுங்கள்.

டிரஸ்ட் அலுவலகத்துக்கு இந்த விஷயமாக வருகிறவர்கள், அத்தாவையோ அம்மாவையோ கூடவே கூட்டி வரலாம். நாற்காலி இருக்கிறது. அவரிடம் கேட்க வேண்டியதை அவரிடமே கேட்போம்.